லாரிக்குச் சாலை உண்டு, காலுக்கு?

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் வி.கைகாட்டி. அதை அடுத்து ரெட்டிபாளையம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு இந்தப் பக்கம் நடக்கக் கிளம்புகிறவர் முதலில் தேடுவது சாலை ஓரத்தில் கால் வைக்க ஒரு முழம் மண்ணை. நல்ல காற்றெல்லாம் பிறகுதான். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டால் பள்ளத்தில் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் தாண்டிப் போனதும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து எட்டு நடக்க வேண்டும். புழுதி அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும்.

சர்க்கரை பார்க்கப் போனபோது டாக்டர் சொல்லியனுப்பியிருப்பார்: "தினமும் அரை மணி நேரம் கை வீசி நடங்க." எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. நாலு நாள் நடந்துவிட்டு ஐந்தாம் நாள் விட்டுவிட்டால், பழி நடந்தவர் மேல்தான் விழும். "அவருக்கு மனசு கிடையாதுங்க, சோம்பேறி" என்பார்கள். எடையைக் குறைப்பது பற்றி நாளிதழ்களிலும் யூடியூபிலும் கொட்டிக் கிடக்கும் அறிவுரைகள் எல்லாம் இந்த மனசைக் குறிவைத்தவைதான். ரெட்டிபாளையத்துக்காரரின் சிக்கலோ மனசில் பாதி, சாலையில் பாதி.

தொப்பை என்பது பட்டணத்துச் சமாச்சாரம் என்று இன்னமும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்கள் வேறு கதை சொல்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல் எடுக்கப்பட்டபோது, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2லிருந்து 37 சதவீதம். ஐந்தாறு ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம். அதுவும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 25ஐத் தாண்டியவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. நம்முடைய உடம்புக்கு 23லேயே எச்சரிக்கை மணி அடித்துவிட வேண்டும் என்பது இந்திய மருத்துவர்கள் 2009இல் ஒன்றுகூடி வகுத்த வரையறை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையையும் அவர்களே வகுத்தார்கள். கையும் காலும் குச்சியாக இருக்க வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகுதான் நம்மிடையே அதிகம். எடை இயந்திரத்தைவிடத் தையல்காரரின் நாடா அதை நேர்மையாகக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வட்டாரத்தில் உடம்புக்கு வேலை குறைந்தது சோம்பலால் வந்ததில்லை. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், செந்துறை பக்கம் முந்திரி. எல்லாம் முதுகை ஒடிக்கும் வெள்ளாமை. ஏர் போய் டிராக்டர் வந்தது. கதிர் அறுக்க எந்திரம் வந்தது. ஏற்றம் போய் மோட்டார் வந்தது; இப்போது அந்த மோட்டாரையும் வீட்டிலிருந்தபடி செல்போனில் போட்டுவிடலாம். களத்து மேட்டுக்குப் போக மொபெட். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் திண்ணை ஓரத்துக்குத் தள்ளியது. சிமென்ட் ஆலைகள் வந்தபிறகு வயலுக்குப் போன காலில் பாதி கம்பெனி கேட்டுக்குப் போகிறது. அங்கே செக்யூரிட்டி, எடை மேடை, கணினி அறை, லாரி ஓட்டும் வேலை என்று பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று மேடையில் பேசுகிறவர் எவரும் மிளகாய் அரைத்துக் கை எரிந்தவராக இருக்க மாட்டார். ஒரு தலைமுறை வியர்வை சிந்திச் சம்பாதித்த ஓய்வு அது. என்ன ஆயிற்று என்றால், வேலை போனது, சோறு மட்டும் அதே அளவில் தட்டில் நின்றுவிட்டது.

இதற்கு நல்ல விளக்கம் ஒரு பஸ்ஸில் கிடைத்தது. ஊர் லண்டன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மாரடைப்பு அங்கே பெருகியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்; சம்பளமும் குடியிருப்பும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டரோ இரட்டை மாடி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் ஏறி இறங்கினார். 1953இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயதில் பிந்தி வந்தது, உயிரைக் கொண்டுபோனதும் குறைவு.

டிரைவர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதனால்தான் என்று எதிர்க்கேள்வி கிளம்பியது. மாரிஸ் சளைக்கவில்லை. தொழிலாளர்களுக்குச் சீருடை தைத்த அளவுக் குறிப்புகளைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு பெரிதுதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வில் ஒல்லி டிரைவரையும் ஒல்லி கண்டக்டரையும், பருத்தவரையும் பருத்தவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதும், டிரைவர் பக்கமே ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆக, இடுப்பு ஒரு காரணம். அசையாமல் உட்கார்ந்திருந்தது இன்னொரு காரணம், தனியாகவே. மாரிஸ் தன் ஆய்வுக்குத் தானே சாட்சி போல, 2009இல் சாகும்போது அவருக்கு வயது 99.

அரியலூர் டவுன் பஸ்ஸில் மாடி கிடையாது. ஆனால் முகூர்த்த நாளில் முன் படிக்கும் பின் படிக்கும் நடுவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு "டிக்கெட், டிக்கெட்" என்று போய்வரும் கண்டக்டரைப் பார்த்தவர்களுக்கு மாரிஸ் சொன்னது உடனே புரியும். டீக்கடையில் வண்டி நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் டிரைவரின் சட்டைப் பொத்தானையும் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

அப்படியானால் நடந்தால் எடை இறங்கிவிடுமா? இங்கேதான் உடற்பயிற்சி வியாபாரம் பேசுகிறவர்கள் உண்மையைக் கொஞ்சம் மென்று விழுங்குகிறார்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் தோராயமாக 130 முதல் 150 கலோரி செலவாகும். நடந்து முடித்து வி.கைகாட்டி டீக்கடையில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் உள்ளே போனால், செலவானதைவிட அதிகமாகவே வரவாகிவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. கூடுதலாக ஒரு வாயும் சாப்பிடாமல் தினம் நடந்தாலும், அந்த ஒரு கிலோ கரைய ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று சுவரொட்டி ஒட்டுகிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

எடை இறங்க வேண்டுமென்றால் தட்டில் கை வைத்தே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வில், இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரியவந்தது. அதில் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, முட்டை, மீன் என்று மாற்றினாலே சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறையும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. சோற்றைப் பகையாக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் கரண்டியைக் கீழே வைத்தால் போதும்.

பின் எதற்கு நடக்க வேண்டும்? பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டில் சில மாற்றங்களும் தினம் அரை மணி நேர வேக நடையும். ஏற்கெனவே உடலுழைப்பு வேலையில் இருந்தவர்களையும், அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தவர்களையும் அதையே விடாமல் செய்யச் சொன்னார்கள். ஜிம் கிடையாது, கருவி கிடையாது. மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்த பிரிவில் 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவிலும் ஏறக்குறைய இதே அளவு, 40.5 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தவர்களின் எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடை இயந்திரத்தில் ஏறி முள்ளைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று வாரக்கடைசியில் கைவிடுகிற ஆயிரக்கணக்கானவர்கள் படிக்க வேண்டிய வரி இது. முள் அசையாதபோதும் உள்ளே தசை சர்க்கரையை வாங்கி எரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. "என்ன மாமா, மூணு மாசமா நடக்கிறீங்க, தொப்பை இறங்கக் காணோமே" என்று டீக்கடையில் கேட்கிற மாப்பிள்ளைக்கு இந்த 531 பேரைக் காட்டலாம்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவின் 1999இல் வெளியிட்ட சோதனை இன்னும் வேடிக்கையானது. பதினாறு பேருக்கு எட்டு வாரம், நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகச் சாப்பாடு போட்டார். சிலருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு ஏறவில்லை. சிலருக்கு நாலு கிலோவைத் தாண்டியது. ஏறாதவர்கள் தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை. எழுவது, நிற்பது, நடப்பது, காலாட்டுவது என்று அவர்களின் அன்றாட அசைவு தானாகவே கூடியிருந்தது. பாட்டிகளுக்குப் பழக்கமான "உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டான்" வகைப் பிள்ளைகள்தான் அவர்கள்.

அன்றாடப் பயிற்சி என்பதன் பொருள் இதுதான்: பயிற்சிக்கென்று தனி நேரம், தனி உடை, தனிக் கட்டணம் இல்லாமல் நாளுக்குள்ளேயே அசைவைச் சொருகிவைப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மிதமானது என்றால் நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். பிரிப்பது சில நேரம் மேலானதும்கூட. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 41 பேரை ஒரு கட்டத்தில் தினம் அரை மணி நேரம் மொத்தமாகவும், இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கச் சொன்னார்கள். பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். உண்டபின் சற்று நடக்கச் சொன்ன சித்தர் தேரையர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பத்தாயிரம் அடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. அந்த எண் எந்த மருத்துவரும் கண்டுபிடித்ததில்லை. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது. சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, நாலாயிரத்துக்கே நல்ல கூலி உண்டு.

நடை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பதுக்குப் பிறகு தசை கரைகிறது. அதைக் கட்டிக்காக்க வாரத்தில் இரண்டு நாளாவது பளுவோடு வேலை வேண்டும். அதற்கு இரும்பு தேவையில்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தை அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் வாத்தியார் தண்டனையாகக் கொடுத்து அதன் மேலே வெறுப்பு வரவைத்துவிட்டார். தண்டால், பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் குடம் தூக்கி நடப்பது, எல்லாம் கணக்கில் சேரும். இடையில் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நின்றுவிட வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வதும், செருப்பில்லாமல் நடக்காமல் இருப்பதும் நல்லது.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால் அறிவுரையின் குரல் இன்னும் தேய்கிறது. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி இந்தியாவில் போதிய அசைவில்லாத ஆண்கள் 42 சதவீதம். பெண்கள் 57 சதவீதம். வீட்டு வேலை செய்கிறார்களே என்று கேட்கலாம். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது களைப்பைத் தரும், மூச்சு வாங்க வைக்காது. விடிகாலையில் தனியாகத் தெருவில் நடக்கப் போனால் "எங்க கிளம்பிட்ட?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பால் வாங்கப் போகிறேன் எனலாம், கோயிலுக்குப் போகிறேன் எனலாம். உடம்புக்காக நடக்கிறேன் என்பதை மட்டும் ஊர் இன்னும் ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளவில்லை.

அதே பெண்கள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் சமயபுரம் மாரியம்மனுக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் பாதயாத்திரை போகிறார்கள். அன்று யாரும் கேட்பதில்லை. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பாதுகாப்புக்குப் போலீஸ், கூட்டமாகப் போகும் துணிச்சல். அம்மனுக்காக ஒருநாள் நடக்கிற கால், துணையும் இடமும் கிடைத்தால் தனக்காகவும் நடக்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார், பெண்கள் கூட்டமாக ஏறினார்கள், கேலி பேசிய வாய்கள் தாமாக மூடின. இன்று பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அது மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. அம்மா அதை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனால் என்ன?

அரசு சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 2023 நவம்பர் 4 அன்று "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல யோசனை. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், அதில் நடக்க ரெட்டிபாளையத்துக்காரர் முதலில் வண்டி ஏற வேண்டும். கிராமங்களில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல பூட்டிக் கிடப்பதாக நாளிதழ்களில் செய்தி வந்தபடி இருக்கிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுப் பொருட்கள் வழங்கும் திட்டம் வந்திருக்கிறது; பந்து வந்துவிட்டது, மைதானத்தை ஊர்தான் தேட வேண்டும். இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். இந்த மண்ணில் காலுக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆக, சாலைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் எந்த வண்டியிலும் ஏறாதவர்கள், வெறுமனே நடந்து போனவர்கள். அறிவுரை கேட்டு நடக்கப் போகிறவருக்கு இந்த எண் தெரியாமல் இருக்கலாம். அவருடைய மனைவிக்கு உள்ளூரத் தெரியும், அதனால்தான் "இருட்டோட போகாதீங்க" என்கிறார். நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்தவர் நீதிமன்றப் படியேறியதில் வியப்பில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு மட்டும் இடமில்லை. ஒரு காலத்தில் கடலாக இருந்த அரியலூர் மண், சங்கும் சிப்பியும் இறுகிய சுண்ணாம்புக்கல்லாக லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், சுற்றுவட்டாரத்தில் ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அரசின் டான்செம் என்று ஆலைகள். 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. 2015 ஜனவரி 12க்கு முன் பெற்ற குத்தகைக்கு ராயல்டியில் 30 சதவீதமும், பின்னர் ஏலத்தில் எடுத்ததற்கு 10 சதவீதமும் அதில் சேர வேண்டும். 2014இல் நிர்ணயித்த சுண்ணாம்புக்கல் ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். கணக்குப் போட்டால், பழைய குத்தகைச் சுரங்கத்திலிருந்து 25 டன் ஏற்றிப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ஒவ்வொரு லாரியும் அந்த அறக்கட்டளைக்கு 600 ரூபாய் வைத்துவிட்டுப் போகிறது. அந்தப் பணத்தில் குடிநீர், மருத்துவம், கல்விக்கு முன்னுரிமை. சாலை போன்ற கட்டமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. லாரிச் சாலை ஓரத்து நடைபாதையை மருத்துவக் கணக்கில் எழுதினாலும் தகும், சாலைக் கணக்கில் எழுதினாலும் தகும். இது போக, கம்பெனிச் சட்டம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. நாடெங்கும் நடைபாதை போடச் சிமென்ட் அனுப்புகிற ஊரில் சொந்த நடைபாதைக்குச் சிமென்ட் கிடைக்கவில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார்.

இந்திய சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்கு வகுத்த குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக நடந்துபோக அது போதும். ஆறு தெருவிளக்குகளும், லாரிச் சாலைக்கும் அதற்கும் நடுவே ஒரு வரிசைப் புங்கன் கன்றும் இருந்தால் புழுதியும் பாதி அடங்கும். அதுவரை பள்ளி மைதானத்தைக் காலை ஆறிலிருந்து ஏழுவரை ஊருக்குத் திறந்துவிட முடியும். ஏரிக்கரை முள்ளை வெட்டிவிட்டால் அதுவே நல்ல நடைபாதை.

ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் நாளில், வி.கைகாட்டியிலிருந்து ரெட்டிபாளையம் வரை 1.8 மீட்டர் நடைபாதை வேண்டும், அதற்குக் கனிம அறக்கட்டளை நிதியைக் கேட்கிறோம் என்று ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்துக்கு நடந்தே போங்கள், பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு. தீர்மானப் புத்தகத்தில் அது பதிவானதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.